ரிங் ஃபைலுக்குச் சொந்தமாகப் பக்கம் அடிக்கிறீர்களா? ஓட்டையிலிருந்து தொடங்குங்கள்

கேட்கப்பட்டது இது: "கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம், வீட்டு மாடியில் விருந்தினர் தங்க இரண்டு அறை. கடையில் விற்கும் டைரி எதுவும் எங்கள் கணக்குக்கு ஒத்து வரவில்லை. அதனால் வேர்டில் நானே வாரப் பக்கம் போட்டு, ஏ4 தாளில் இரண்டு புறமும் அடித்து, இரண்டு வளையம் உள்ள ஃபைலில் கோக்கிறேன். முதலில் 'நேரோ' மார்ஜின் வைத்தேன், ஓட்டை எழுத்து மேலேயே விழுந்தது. இடது மார்ஜினைக் கூட்டினேன். முன்பக்கம் சரியாகிவிட்டது, பின்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் போகிறது. அடுத்த வருஷத்துக்கு ஏ5 அளவில் கையடக்கமாகச் செய்யலாமா என்றும் யோசனை. மார்ஜின் எவ்வளவுதான் வைப்பது?"

அவசரத்துக்கு முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாள், இரண்டு வளையம், இரு புறமும் அச்சு என்றால் வளையம் இருக்கும் பக்கம் 22 மி.மீ., எதிர்ப்பக்கம் 10, மேலும் கீழும் 12. ஏ5 என்றால் வளையப் பக்கம் 20, எதிர்ப்பக்கம் 8, மேலும் கீழும் 12. வேர்டில் 'மிரர் மார்ஜின்ஸ்' போடுங்கள். அச்சிடும்போது அளவு 100 சதவீதம், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டாலும் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்துவிடும்.

ஆனால் ஃபைல் மாறினாலோ பஞ்சிங் மெஷின் மாறினாலோ இந்த எண்களும் மாறும். அதனால் இவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. குன்னூரில் டி.டி.பி. வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நான் அடிக்கடி பார்ப்பது: பலரும் மார்ஜினைக் கணினியில் தேடுகிறார்கள். அது இருப்பது பஞ்சிங் மெஷினில். தாளில் ஓட்டை எங்கே விழுகிறது என்பதை அளந்துவிட்டு, அங்கிருந்து உள்ளே நகர்ந்து வர வேண்டும். வேர்டு தானாகத் தரும் எந்த மார்ஜினுக்கும் உங்கள் ஃபைலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இரண்டு ஓட்டைக்கு ஒரு சர்வதேசத் தரம் உண்டு, ஐ.எஸ்.ஓ. 838. ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே 80 மி.மீ. மையம் தாளின் ஓரத்திலிருந்து 12 மி.மீ., அதில் ஒரு மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம். ஓட்டையின் விட்டம் 6 மி.மீ. இப்போது கணக்குப் போடுங்கள். மையம் 12 என்றால் ஓட்டை 9 மி.மீ.யில் தொடங்கி 15 மி.மீ.யில் முடிகிறது. நீங்கள் வைத்த 'நேரோ' மார்ஜின் 1.27 செ.மீ., அதாவது 12.7 மி.மீ. ஓட்டையின் மையத்தை ஒட்டியே உங்கள் முதல் கட்டம் ஆரம்பித்திருக்கிறது. ஓட்டை போட வேண்டும் என்று குறி வைத்து அடித்திருந்தால்கூட இவ்வளவு சரியாக விழாது!

அப்படியானால் 15 போதுமா? போதாது. மெஷினின் ஒரு மி.மீ. பிசகு ஒன்று. பிரிண்டர் தாளை இழுக்கும்போது ஒன்றிரண்டு மி.மீ. நகர்வது இன்னொன்று. அதற்கே 18 ஆகிவிட்டது. அதோடு, தாள் வளையத்தில் வளைந்து உட்காரும் இடமும் இருக்கிறது. அங்கே எழுத்து இருந்தால் ஓட்டையில் மாட்டாது, ஆனால் பேனாவும் கையும் போகாது. அச்சடித்த புத்தகமாக இருந்தால் 18 வைத்துக்கொள்ளலாம், படிக்க மட்டும்தானே. நீங்கள் கையால் எழுதப்போகும் பக்கம் இது. அதனால் 20-லிருந்து 22.

வளையத்தின் வடிவமும் இதில் சேரும். முழு வட்ட வளையம் என்றால் ஃபைல் நிறையும்போது மேல் தாளும் அடித் தாளும் வளைவை ஒட்டி இழுபடும், உள் ஓரம் கொஞ்சம் மறையும். 'டி' வடிவ வளையம் என்றால் தாள்கள் நேராக அடுக்கி நிற்கும், 20 தாராளம். வாங்கும்போது 'டி ரிங்' என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வருஷம் பூராவும் எழுதுகிற ஃபைலுக்கு அதுதான் சரி.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் மெஷினை நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு வேஸ்ட் தாளில் ஓட்டை போட்டு, தாள் ஓரத்திலிருந்து ஓட்டையின் உள் விளிம்புவரை, அதாவது எழுத்துப் பக்கம் இருக்கும் விளிம்புவரை, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அதோடு 5-லிருந்து 7 மி.மீ. சேர்த்தால் அதுதான் உங்கள் உள் ஓரம். மெஷின் எதுவானாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இனி பின்பக்கத் தகராறு. தாளைப் புரட்டினால் இடது ஓரம் வலது ஓரமாகிவிடுகிறது. முன்பக்கத்தில் வளையம் இடப்புறம், பின்பக்கத்தில் வலப்புறம். நீங்கள் இடது மார்ஜினை மட்டும் கூட்டியதால் பின்பக்கத்தில் கடைசிக் கட்டமான ஞாயிறு ஓட்டைக்குப் பலியானது. இதற்குத்தான் மிரர் மார்ஜின்ஸ். வேர்டில் லேஅவுட், மார்ஜின்ஸ், கஸ்டம் மார்ஜின்ஸ் என்று போய், 'மல்டிபிள் பேஜஸ்' என்ற இடத்தில் மிரர் மார்ஜின்ஸைத் தேர்ந்தெடுங்கள். உடனே 'லெஃப்ட்', 'ரைட்' என்ற பெட்டிகள் 'இன்சைடு', 'அவுட்சைடு' என்று மாறும். இன்சைடு 22, அவுட்சைடு 10. பெட்டியில் அங்குலம் காட்டினால் கவலை வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் எம்.எம். என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டினால் வேர்டு தானே மாற்றிக்கொள்ளும்.

பக்கத்திலேயே 'கட்டர்' என்று ஒரு பெட்டி இருக்கும். பைண்டிங்குக்காகக் கூடுதலாக விடும் இடம் அது. தையல்காரர் சட்டையின் உள்ளே துணி விடுவதுபோல, மார்ஜினுக்கு மேல் தனியாகச் சேரும். இன்சைடு 22 போட்டுவிட்டு கட்டரில் 10 போட்டால் உள் ஓரம் 32 ஆகிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். என் பழக்கம் கட்டரைச் சுழியத்தில் விட்டுவிட்டு இன்சைடில் மொத்தத்தையும் போடுவது. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் குழப்பம் இருக்காது.

லிப்ரே ஆபிஸ் என்றால் பேஜ் ஸ்டைலில் 'பேஜ் லேஅவுட்' என்பதை 'மிரர்டு' ஆக்கினால் இதே வேலை. எக்செலில் இந்த வசதி கிடையாது. கணக்குப் பக்கங்களை எக்செலில் போடுகிறவர்கள் முன்பக்கத்துக்கு ஒரு ஷீட், பின்பக்கத்துக்கு ஒரு ஷீட் வைத்து, இரண்டாவதில் இடது வலது மார்ஜின்களை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ஜினெல்லாம் சரியாக வைத்தும் அச்சில் தவறி வருகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி பிரிண்ட் பெட்டியில் இருக்கும் 'ஃபிட்' என்ற பொத்தான். பிரிண்டரால் தாளின் விளிம்புவரை அச்சடிக்க முடியாது. சாதாரணமாக மூன்று நான்கு மி.மீ. விட்டுவிடும். 'ஃபிட்' போட்டால் மொத்தப் பக்கத்தையும் அந்த எல்லைக்குள் திணிக்கப் பார்க்கும். பக்கம் கொஞ்சம் சுருங்கும், நடுவுக்கு நகரும், நீங்கள் மெனக்கெட்டு வைத்த 22 வேறொரு எண்ணாக வரும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். கடையில் அடிப்பதாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். கூட்டமான நேரத்தில் கடைப் பையன் கை தானாக ஃபிட்டைத்தான் அமுக்கும். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் வேண்டும்.

இன்னொரு வழியிலும் சுருக்கம் வரும். இணையத்தில் இறக்கிய பிளானர் பக்கங்கள் பல அமெரிக்காவின் லெட்டர் அளவில் இருக்கும். அகலம் 216, உயரம் 279 மி.மீ. நம் ஏ4 அகலம் 210, உயரம் 297. வேர்டில் லெட்டர் பக்கத்தை ஏ4 தாளுக்கு ஏற்பத் தானாகச் சுருக்கும் ஓர் அமைப்பு உண்டு, நமக்குத் தெரியாமலேயே அது வேலை செய்யும். அமெரிக்காவில் மூன்று வளைய ஃபைல்தான் வழக்கம், ஓட்டைகளின் இடைவெளியும் 108 மி.மீ. அந்தப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட ஏ4-இல் புதிதாகப் போடுவது சீக்கிரம் முடியும்.

வேர்டு கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பாதீர்கள். உங்கள் தமிழ் எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், வரி நீளும், ஏழாவது கட்டம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

முழுசாக அடிக்கும் முன் ஒரே ஒரு சோதனைத் தாள் போதும். பக்கத்தின் நடுவே சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு வையுங்கள். வேர்டில் 'ஷேப்' கோட்டின் அகலத்தில் 100 எம்.எம். என்று கொடுத்தால் ஆயிற்று. இரு புறமும் அடித்து, ஸ்கேல் வைத்து அளங்கள். 97 வந்தால் எங்கோ ஃபிட் ஒளிந்திருக்கிறது. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். முன்பக்கக் கட்டமும் பின்பக்கக் கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று வர வேண்டும், ஒன்றிரண்டு மி.மீ. பிசகினால் கவலை இல்லை. பின்பக்கம் தலைகீழாக வந்திருந்தால் இரட்டைப் பக்க அச்சில் புரட்டும் விதம் தவறு. நிமிர்ந்த பக்கத்துக்கு 'ஃபிளிப் ஆன் லாங் எட்ஜ்'. கடைசியாக அதே தாளில் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்து, மூடித் திறந்து, பேனாவால் எழுதிப் பாருங்கள். கை இடித்தால் உள் ஓரத்தை இரண்டு மி.மீ. கூட்டுங்கள்.

பக்கத்தைச் சுற்றி அழகுக்குப் பெட்டிக் கோடு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். தாள் அரை டிகிரி சாய்ந்து போனாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

இப்போது ஏ5. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஏ4-இல் அழகாகப் போட்ட பக்கத்தை 'ஒரு தாளில் இரண்டு பக்கம்' என்று சொல்லிச் சுருக்கி, நடுவில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஏ4-இலிருந்து ஏ5-க்குப் போனால் 70.7 சதவீதம். எழுத்து சுருங்குகிறது, கட்டம் சுருங்குகிறது, மார்ஜினும் சுருங்குகிறது. ஆனால் பஞ்சிங் மெஷின் சுருங்காது. 20 மி.மீ. வைத்திருந்தால் 14 ஆகிவிடும், ஓட்டையோ 15 வரை வருகிறது. சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஏ4-இலேயே உள் ஓரத்தை 29 வையுங்கள், சுருங்கினால் 20 கிடைக்கும். அதைவிட, பக்க அளவையே 148க்கு 210 என்று ஏ5 ஆக வைத்துத் தொடக்கத்திலிருந்து போடுவது மேல். 11 புள்ளி எழுத்து சுருங்கி எட்டுக்கும் கீழே போய்விட்டால் தோட்டத்தில் மூடுபனி வெளிச்சத்தில் யார் படிப்பது?

அளவு மாறினால் கட்டங்களின் அமைப்பும் மாற வேண்டும். ஏ4-இல் 22-உம் 10-உம் போக 178 மி.மீ. அகலம் மிச்சம். பெயருக்கு ஒன்று, நாளுக்கு ஏழு என்று எட்டுக் கட்டம் போட்டால் ஒவ்வொன்றும் 22 மி.மீ., எழுதலாம். ஏ5-இல் 20-உம் 8-உம் போக 120 மி.மீ.தான். எட்டாகப் பிரித்தால் 15 மி.மீ. அதில் கிலோவும் கிராமும் எழுதினால் அடுத்த நாளுக்குள் போய்விடும். எனவே ஏ5-இல் நாட்களைப் படுக்கை வரிசையாகப் போடுங்கள். மேலும் கீழும் 12, தலைப்புக்கு 18 போக 168 மி.மீ. மிஞ்சும். ஏழால் வகுத்தால் நாளுக்குச் சரியாக 24 மி.மீ., எட்டு மி.மீ. இடைவெளியில் மூன்று வரி எழுதலாம். இந்த எண்கள் இவ்வளவு ஒத்துவருவதால் ஏ5 வாரப் பக்கம் எனக்குப் பிடித்த வடிவம்.

உங்கள் தோட்டக் கணக்குக்கு இன்னொன்று தோன்றுகிறது. கொழுந்து வாரக் கணக்கில் வளர்வதில்லை. மழையும் வெயிலும் பார்த்து பறிப்புச் சுற்று நீளும், குறையும். விருந்தினர் அறைக்கு வாரப் பக்கம் சரி. வண்டியில் வருகிறவர்களின் இ-பாஸ் எண்ணுக்கும் அதில் ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள், 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. இலைக் கணக்குக்குத் தேதி போடாத தனிப் பக்கம் வையுங்கள், ஒரு பறிப்புக்கு ஒரு பக்கம்: தேதி, பச்சை இலை எத்தனை கிலோ, ஆள், கூலி, ஃபேக்டரியில் ஈரத்துக்குக் கழித்தது, கையில் வந்தது. வேண்டிய இடத்தில் நுழைக்கலாம், எடுக்கலாம் என்பதற்காகத்தானே வளைய ஃபைலுக்கே வந்தோம். தேதி இல்லாத பக்கம் அடுத்த வருஷமும் செல்லும்.

தேதி இல்லாத பக்கத்தில் அச்சு வசதியும் ஒன்று உண்டு. ஏ4 தாளைப் படுக்கவைத்து இரண்டு ஏ5 அடிக்கும்போது, ஒரே பக்கத்தை இரு பாதியிலும் வைத்தால் போதும், வரிசை பற்றிய கவலையே இல்லை. முன்புறம் இரண்டிலும் முதல் பக்கம், பின்புறம் இரண்டிலும் இரண்டாம் பக்கம், நடுவில் வெட்டு. தேதி போட்ட பக்கங்கள் என்றால் வரிசை முக்கியம். முன்புறத்தில் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 3. பின்புறத்தில் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 2. தாள் படுக்கையில் இருப்பதால் 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்'. வெட்டிப் புரட்டினால் 1-இன் பின்னால் 2, 3-இன் பின்னால் 4 இருக்கும். மனதில் பிடிபடவில்லை என்றால் ஒரு துண்டுத் தாளில் எண் எழுதிக் கிழித்துப் பாருங்கள். ஏ4-இல் பாதி 148.5 மி.மீ., ஏ5 148. அந்த அரை மி.மீ.யை மறந்துவிடலாம்.

ஏ5-இல் ஆறு வளைய ஃபைல்களும் உண்டு, ஃபைலோஃபாக்ஸ் வகை. ஓட்டைகள் மூன்று மூன்றாக இரண்டு கூட்டம். கூட்டத்துக்குள் 19 மி.மீ. இடைவெளி, நடுவில் 70. பார்க்க அழகு, பக்கம் கிழியாது. ஆனால் அதற்குத் தனிப் பஞ்சிங் மெஷின் வேண்டும், அதை ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் மெஷின் மக்கர் செய்தால் பக்கத்துக் கடையில் ஓட்டை போட்டுக்கொள்ள முடியாது. மலையில் இருக்கிறவர்களுக்கு இரண்டு ஓட்டைதான் என் சிபாரிசு.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரம். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அடுத்த வருஷத்துக்குப் பக்கம் அடிக்கலாம் என்று நாம் உட்காருவது சரியாக அந்த நவம்பர், டிசம்பரில். தாள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரம் சுருளும், மெஷினில் சிக்கும். லேசர் பிரிண்டரில் முதல் பக்கம் அடிக்கும்போது சூட்டில் ஈரம் ஆவியாகித் தாள் இம்மியளவு சுருங்கும், பிறகு அடிக்கும் பின்பக்கம் அதனாலேயே முன்பக்கத்தோடு ஒட்டாமல் பிசகும். முன்னே சொன்ன ஒன்றிரண்டு மி.மீ. பிசகு மழைநாளில் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் கட்டின் மேலுறை ஈரம் புகாதபடி செய்தது, அதைக் கிழித்து எறியாமல் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மடித்து மூடுங்கள். இரவில் பிரிண்டர் ட்ரேயில் தாளை விட்டுவைக்காதீர்கள். முடிந்தால் வெயிலான ஒரு வாரம் பார்த்து மொத்தமாக அடித்துவிடுங்கள்.

தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பக்கத்தை லேசரிலோ ஜெராக்ஸிலோ அடியுங்கள், டோனர் நனைந்தாலும் கரையாது. வீட்டு இங்க்ஜெட்டின் கலர் மை சாரல் பட்டாலே பரவும். எழுதுவதற்கும் பால்பாயின்ட்தான், ஜெல் பேனா வேண்டாம். தாளின் கனம் இரு புறமும் எழுத 80 ஜி.எஸ்.எம். குறைந்தபட்சம், 100 என்றால் ஓட்டையும் சீக்கிரம் கிழியாது. 70-இல் மழைக்காலத்தில் இரண்டே மாதத்தில் ஓட்டை வாய் பிளந்துவிடும். அதற்கு ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் கடைகளில் கிடைக்கிறது, அடிக்கடி புரட்டும் பக்கங்களுக்கு மட்டும் ஒட்டினால் போதும். எல்லாவற்றுக்கும் ஒட்டினால் வளையப் பக்கம் தடித்து ஃபைல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும்.

ஓட்டை போடும்போது மெஷினில் இருக்கும் அளவுச் சட்டத்தை இழுத்து ஏ4 அல்லது ஏ5 குறியில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் உடைந்துபோன மெஷின் என்றால் கணக்கு இது: ஏ4-இல் மேல் ஓரத்திலிருந்து முதல் ஓட்டையின் மையம் 108.5 மி.மீ., ஏ5-இல் 65. ஒரே தடவையில் கட்டாக வைத்து அமுக்காமல் எட்டுப் பத்துத் தாளாகப் போடுங்கள். தடிமன் கூடினால் அடித்தாள் நழுவி, நீங்கள் கணக்குப் போட்டு வைத்த 12 மி.மீ. அங்கே 10 ஆகவோ 14 ஆகவோ விழும்.